செல்லப்பிராணிக்கு பேரு வைக்கறது எப்படி: எந்த வரிசைல பண்ணா சொதப்பாது

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல நாலு நாள் லிஸ்ட் போட்டு, சண்ட போட்டு, கடைசில ஒரு பூனைக்குட்டிக்கு "இளவரசி நட்சத்திரா"ன்னு பேரு வச்சாங்க. ஒரே மாசம்தான். இப்ப அதோட பேரு "ஏய்". யாராவது "ஏய்"னு சொன்னா திரும்பிப் பாக்குது, நட்சத்திரான்னா காத கூட ஆட்டல.

தெருவுல கிடைக்கிற குட்டிங்கள கொஞ்ச நாள் வீட்ல வச்சு தேத்தி, வேற வீட்டுக்கு அனுப்பற வேலைய நான் ரொம்ப வருஷமா பண்ணிட்டிருக்கேன், அதனால பேரு வைக்கறதுல ஜனங்க எங்க வழுக்கி விழறாங்கன்னு நிறைய பாத்தாச்சு. முக்காவாசி பேர் பண்ற தப்பு ஒண்ணுதான், அழகான அர்த்தத்த மொதல்ல பிடிச்சுக்கறாங்க, அது வாய்ல வருமா அதோட காதுல ஏறுமான்னு கடைசில பாக்கறாங்க. அதுக்குள்ள மனசு ஒட்டிப்போச்சு, மாத்த முடியல. கீழ இருக்கறது அந்த வரிசைய திருப்பிப் போட்டது.

1. பேரு யோசிக்கறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது

ஒரு பேப்பர் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. போன்ல எழுதாதீங்க, வீட்ல எல்லாரும் பாக்கணும், போறப்ப வர்றப்ப கிறுக்கணும்.

மேல பாதில வீட்ல இருக்கறவங்க பேரு எல்லாத்தையும் எழுதுங்க, செல்லமா கூப்பிடற பேரும் சேத்து. இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. குழந்தைய நாள் பூரா "குட்டி", "பாப்பா", "அம்மு"ன்னு கூப்பிட்டுட்டு நாய்க்கும் அம்முன்னு வச்சா, ஒண்ணு ரெண்டு பேரும் ஓடி வருவாங்க இல்லன்னா ரெண்டு பேரும் வர மாட்டாங்க.

கீழ பாதில நீங்க பயன்படுத்தப்போற கட்டளை வார்த்தைங்க. வா, உக்காரு, நில்லு, படு, விடு, போ, வேணாம். இல்ல இங்கிலீஷ்னா சிட், ஸ்டே, கம், டவுன், நோ. ரெண்டுல எதுன்னு இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க, பாதி பேர் "உக்காரு" பாதி பேர் "சிட்"னு சொல்ற வீட்ல நாய் ரெண்டையும் கண்டுக்காது. பேரு வச்ச அப்புறம் கட்டளைய யோசிச்சா ரெண்டும் மோதும், அப்ப பேரத்தான் மாத்தணும், அதனாலதான் இது மொதல்ல.

2. ரெண்டு மூணு நாள் சும்மா பாருங்க

வந்த அன்னைக்கே பேரு வைக்கணும்னு அவசரமே இல்ல. புது வீட்டுக்கு வந்த குட்டி மொத ரெண்டு நாள் பயத்துல இருக்கும், அது காட்டறது அதோட குணம் இல்ல. கட்டிலுக்கு அடில ஒளிஞ்சிட்டே இருந்த ஒரு பூனைய நான் "சாது"ன்னு கூப்பிட்டேன், அஞ்சாவது நாள் அது திரைச்சீலை மேல தொங்கிட்டிருந்துச்சு.

வீட்லயே பிறந்த குட்டிங்கன்னா இன்னும் நேரம் இருக்கு. நாய்க்குட்டி, பூனைக்குட்டி ரெண்டும் பிறக்கறப்ப கண்ணும் காதும் மூடித்தான் இருக்கும், திறக்க சுமார் ரெண்டு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி நீங்க எந்தப் பேர சொன்னாலும் அது உங்களுக்காகத்தான்.

இந்த இடைவெளில ஒரு ஜாக்கிரதை வேணும். கூப்பிட ஏதாவது வேணும்னு ஒரு வார்த்தைய பிடிச்சுக்காதீங்க, அதுவே ஒட்டிக்கும். நாக்கால "ச்சு ச்சு" சத்தம், இல்ல விசில், அது போதும். நான் ஒரு தடவ "டேய் கருப்பு"ன்னு தற்காலிகமா கூப்பிட ஆரம்பிச்சேன், பதினோரு வருஷம் அது டேய் கருப்புதான், கருப்புன்னு மட்டும் சொன்னா வராது, "டேய்" வேணும்.

3. ஆணா பொண்ணான்னு உறுதி பண்ணுங்க, நிறம் மாறுமான்னும் கேளுங்க

அதுக்கு ஆம்பள பேரு பொம்பள பேருன்னு எதுவும் கிடையாது, பிரச்சனை நமக்குத்தான். ராஜான்னு கூப்பிட்ட பூனை மூணு குட்டி போட்டதும் வீட்ல பாதி பேர் ராணின்னு மாத்திடுவாங்க, பாதி பேர் ராஜாலயே நிப்பாங்க, பூனை நடுவுல முழிக்கும்.

பூனைக்குட்டிய பாத்து சொல்றது கஷ்டம், முயல்குட்டி அதவிட கஷ்டம், டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. சின்ன துப்பு ஒண்ணு இருக்கு: ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால (ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான், பொண்ணுக்கு ரெண்டு, ரெண்டுலயும் அந்த மரபணு இருந்தாத்தான் முழு ஆரஞ்சு) ஆரஞ்சு பூனைங்கள்ல அஞ்சுல நாலு ஆணாத்தான் இருக்கும், கருப்பு ஆரஞ்சு வெள்ளைன்னு மூணு நிறமும் இருந்தா கிட்டத்தட்ட எப்பவும் பொண்ணு. மூணு கலர் குட்டிய "கடுவன்"னு சொல்லி குடுத்தாங்கன்னா இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க. பட்ஜி கிளில வளர்ந்த ஆணுக்கு மூக்குக்கு மேல இருக்கற சதை நீலமா இருக்கும், பொண்ணுக்கு பழுப்பு, ஆனா குஞ்சா இருக்கறப்ப இது தெளிவா தெரியாது.

நிறத்த வச்சு பேரு வைக்கறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட டால்மேஷன் நாயோட குட்டி பிறக்கறப்ப புள்ளியே இல்லாம வெள்ளையா இருக்கும். சயாமீஸ் பூனையும் அப்படித்தான், வெளுப்பா பிறந்து அப்புறம் காது, மூக்கு, வாலு, கால் எல்லாம் கருக்கும், ஏன்னா அதோட நிறம் உடம்புல குளிர்ச்சியா இருக்கற இடத்துலதான் ஏறும். பூனைக்குட்டிக்கு கண்ணு நீலமா இருக்கேன்னு "நீலா"ன்னு வச்சீங்கன்னா ரெண்டு மாசத்துல பச்சையோ மஞ்சளோ ஆயிடலாம், குட்டில எல்லாத்துக்கும் நீலக்கண்ணுதான். குதிரைலயும் சாம்பல் வகை கருமையா பிறந்து வருஷக்கணக்கா வெளுத்துட்டே போகும்.

4. இப்ப பேருங்கள சேருங்க, பத்து பதினஞ்சு வரைக்கும்

இந்தக் கட்டத்துல எதையும் தள்ளாதீங்க, யார் எது சொன்னாலும் எழுதுங்க. ஒரே பேர வச்சுட்டு சோதிக்க ஆரம்பிச்சா, சோதனைல தோத்தாலும் அத விட மனசு வராது. அதுக்குத்தான் பத்து வேணும்.

எல்லாரும் போற வழி உருவம். கருப்பன், வெள்ளச்சி, டைகர். இதுல தப்பே இல்ல, ஆனா அதே தெருவுல இன்னும் நாலு கருப்பன் இருக்கும். மொத்த நிறத்த விட்டுட்டு சின்ன அடையாளத்த தேடுங்க. நாலு காலும் வெள்ளையா இருந்தா சாக்ஸ், நெத்தில ஒரு புள்ளி இருந்தா பொட்டு, ஒரு காது மட்டும் மடிஞ்சிருந்தா மடிப்பு. கூப்பிடறப்ப சிரிப்பும் வரும், தொலைஞ்சா அடையாளம் சொல்லவும் உதவும்.

அடுத்தது குணம், நான் அதிகமா வைக்கறது இந்த வகைதான். சுட்டி, ஜெட், துரை (சாப்பாட்ட பக்கத்துல கொண்டு வந்து வச்சாத்தான் சாப்பிடுவார், அதான் துரை). இதோட தலைகீழ் விளையாட்டும் நல்லா இருக்கும், கைக்குள்ள அடங்கற நாய்க்கு பீமா, கதவளவு நிக்கற நாய்க்கு பொடியன். ஆனா கில்லர், கடியன் மாதிரி பேரு வேணாம். நாய் ஒண்ணும் பண்ணலன்னாலும் "கில்லர் வா"ன்னு கேட்டதும் எதிர்ல வர்றவங்க ஒதுங்கறாங்க, அந்தப் பதட்டம் நாய்க்கும் தொத்திக்குது, அத வேற வீட்டுக்கு குடுக்கணும்னா யாரும் வாங்க மாட்டாங்க. மக்கு, சோம்பேறின்னு வைக்கறதும் எனக்குப் பிடிக்காது, பேரு வச்ச மாதிரியே அத நடத்த ஆரம்பிச்சிடறாங்க.

சாப்பாட்டுப் பேரு இப்ப ரொம்ப ஓடுது, பிஸ்கட், குக்கி, கோகோ, காபி. வாய்க்கு நல்லா இருக்கும். ஒரே சிக்கல், அந்தப் பொருள் வீட்ல தினமும் பேச்சுல அடிபடக் கூடாது. பிஸ்கட்னு பேரு வச்ச நாய்க்கு "பிஸ்கட் வேணுமா"ன்னு கேக்கறப்ப அதுக்கு எப்படிப் புரியும்னு யோசிச்சுப் பாருங்க. காபி நல்ல பேரு, காபி குடிக்காத வீட்ல.

மனுஷப் பேரு வைக்கறவங்களும் அதிகமாயிட்டாங்க, மியா, லியோ, சார்லி, மீனு. ஏற்கனவே நாக்குக்குப் பழகின பேரு, அதனால யாரும் சிதைக்க மாட்டாங்க, அது பெரிய பிளஸ். மைனஸ், அதே பேருல ஒரு ஆள் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கறப்ப "சீ, அங்க என்ன நக்கற"ன்னு அந்தப் பேர சொல்லி திட்ட வேண்டி வரும். பிடிக்காத ஆளோட பேர வேணும்னே வைக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டு வாரம் சிரிப்பா இருக்கும், அப்புறம் உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பேர நீங்களே ஒரு நாளைக்கு நாப்பது தடவ கொஞ்சிட்டிருப்பீங்க.

சினிமா, சீரிஸ், கேம், விளையாட்டு வீரர் பேருங்க. இங்க கணக்கு ஒண்ணு போடுங்க. நாய் பத்துலேர்ந்து பதிமூணு வருஷம் இருக்கும், வீட்டுக்குள்ள வளர்ற பூனை பதினஞ்சு தாண்டும், பெரிய கிளி வகைங்க அதவிட ரொம்ப, ஆமை உங்களையே தாண்டிடலாம். இந்த சீசன்ல ஹிட்டான கேரக்டர அத்தன வருஷம் ஒருத்தருக்கு விளக்கிட்டிருக்க முடியுமா? அதுவும் இல்லாம ஒரு படம் ஓடினா ஒரே பேருல பத்து நாய் வரும், கிளினிக்ல ஒரு பேரு கூப்பிட்டா மூணு பேர் எழுந்திருப்பாங்க.

புராணப் பேருங்க கம்பீரமா இருக்கும், தோர், ஜூனோ, அப்போலோ. ஆனா இன்னைக்கும் கும்பிடப்படற சாமி பேருன்னா கத்தித் திட்டறப்ப யாருக்காவது மனசு புண்படும், அது உங்க வீட்டுப் பெரியவராவே இருக்கலாம். தவிர்க்கறது நல்லது.

கிடைச்ச நேரம், இடம், வானிலை இதுலேர்ந்து வர்ற பேருதான் எனக்கு ரொம்ப இஷ்டம். தூறல், புயல், அந்தி, தகரம் (தகரக் கூரைக்கு அடில கிடைச்சது). இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும், அத யாரும் லிஸ்ட்லேர்ந்து எடுத்திருக்க முடியாது. வேற மொழி வார்த்தை எடுத்தீங்கன்னா அந்த மொழி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டுடுங்க, சத்தம் அழகா இருந்து அர்த்தம் அசிங்கமா இருக்கறது நடக்கும்.

ஒண்ணுமே தோணலையா? எழுத்த கட்டிப்போடுங்க. ஃப்ரான்ஸ்ல வம்சாவளி பதிவு பண்ற நாய்களுக்கு வருஷத்துக்கு ஒரு எழுத்து, 2023ல பிறந்தா யு, 2024ல வி, 2025ல மறுபடி ஏ. கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆறையும் விட்டுட்டு 20 எழுத்து சுத்திச் சுத்தி வரும், பேரப் பாத்தே வயச கணக்கு பண்ணிடலாம். அதே மாதிரி நீங்களும் "டகரத்துல ஆரம்பிக்கணும்"னு ஒரு வேலி போட்டா மூளை தானா ஓடும், வானமே எல்லைன்னு விட்டாத்தான் நின்னுடும்.

நீளமான அழகான பேருமேல ஆசைன்னா அத விடவும் வேணாம். வம்சாவளி நாய்க்கும் ரேஸ் குதிரைக்கும் காகிதத்துல ஒரு பேரும் கொட்டில்ல ஒரு பேரும் இருக்கறது சகஜம், ரேஸ் குதிரைங்கள பதிவு பண்ற அமெரிக்க ஜாக்கி கிளப்ல இடைவெளியோட சேத்து 18 எழுத்துதான் அனுமதி, ஆனா அத கவனிக்கறவங்க கூப்பிடறது ரெண்டு அசைல. இளவரசி நட்சத்திராவ கார்டுல எழுதிக்கோங்க, கூப்பிடறதுக்கு "நச்சு"வா "தாரா"வான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, தானா நடக்க விட்டா "ஏய்"லதான் முடியும்.

5. காதுக்கு வடிகட்டறது

இங்கதான் லிஸ்ட்ல பாதி போயிடும், போகட்டும். ஒவ்வொரு பேரையும் சத்தமா சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள இல்ல.

ரெண்டு அசை இருக்கறது ரொம்ப வசதி. டாமி, மியா, பீமா. ஒரே அசைன்னா, "ஜோ" மாதிரி, பேச்சுக்கு நடுவுல கரைஞ்சு போயிடும். மூணு பரவால்ல. நாலு ஆச்சுன்னா வீட்ல ஒவ்வொருத்தரும் அவங்க இஷ்டத்துக்கு வெட்டுவாங்க, ஒருத்தர் முன் பாதி, ஒருத்தர் பின் பாதி, கடைசில ஒரே பிராணிக்கு மூணு பேரு.

ஆரம்பம் கெட்டியா இருக்கட்டும். க, ட, ப, ஜ மாதிரி எழுத்து பட்டுனு வெடிச்சு ஆரம்பிக்கறதால டிவி சத்தம், பேச்சுச் சத்தத்துக்கு நடுவுல தனியா தெரியும். பூனைக்கு ஸ, ஷ, ச சத்தம் நல்லா எடுபடும்னு சொல்றவங்க இருக்காங்க. நம்ம காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் (சத்தம் எவ்ளோ கீச்சுன்னு சொல்ற அளவு) வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு 45 வரைக்கும் போகும், பூனைக்கு 64 வரைக்கும், அதனால கீச்சுச் சத்தம் அதுங்களுக்கு நம்மள விட தெளிவுங்கறது உண்மைதான். ஆனா என் அனுபவத்துல இது கொஞ்சூண்டு உதவுது, அவ்ளோதான், "புலி"ன்னு பேரு வச்ச பூனையும் ஓடி வந்திருக்கு.

முடிவு உயிர்ச்சத்தத்துல இருக்கணும், இத நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். தூரத்துலேர்ந்து கூப்பிடறப்ப நாம கடைசிய இழுப்போம், டாமீஈஈ, பீமாஆஆ. "மேக்ஸ்", "ரெக்ஸ்", "ஸ்பார்க்" இதுல இழுக்க ஒண்ணும் இல்ல, அதனால நம்ம வாய் தானா ஒரு உகரத்த சேத்துடும், மேக்ஸு, ரெக்ஸு, ஸ்பார்க்கூஊ. அது பரவால்லன்னா வைங்க, ஆனா அப்ப மேக்ஸுன்னே எல்லாரும் சொல்லணும்.

அதே மாதிரி வீட்ல வயசானவங்ககிட்டயும் அஞ்சு வயசுக் குழந்தைகிட்டயும் அந்தப் பேர சொல்லச் சொல்லிக் கேளுங்க. "ஃப்ளஃபி" ஒருத்தர் வாய்ல ப்ளபி, இன்னொருத்தர் வாய்ல புளுபி. "ஸ்டெல்லா" இஸ்டெல்லா ஆகும். நாள் பூரா வீட்ல அதோட இருக்கப்போறது யாரு, அவங்க வாய்ல வர்ற பேருதான் நிஜப் பேரு.

இன்னொரு சோதனை, அதே பேர வேகமா ரெண்டு தடவையும் மெதுவா ஒரு தடவையும் சொல்லிப் பாருங்க. விலங்குகளோட நடத்தைய ஆராய்ச்சி பண்ற பட்ரீசியா மெக்கனெல், பல மொழி பேசற பயிற்சியாளர்கள் விலங்குகள்கிட்ட எழுப்பற சத்தங்கள பதிவு பண்ணி பாத்தாங்க. கிட்ட வரவைக்க, வேகப்படுத்த எல்லாரும் குட்டிக் குட்டி சத்தத்த திரும்பத் திரும்ப சொல்றாங்க, அடக்க, நிதானப்படுத்த ஒரே நீளச் சத்தம். நாய்க்குட்டிங்களும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் நடந்துக்குது. "டாமி-டாமி-டாமி"ன்னா ஓடி வரும், "டாமீஇஇ"ன்னு இறக்கி இழுத்தா அடங்கும். ரெண்டு விதத்துலயும் சொல்ல முடியற பேரு கிடைச்சா விடாதீங்க.

6. மோதுதான்னு பாருங்க

இப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டின பேப்பருக்கு வேலை. மிஞ்சின ஒவ்வொரு பேரையும் கட்டளை லிஸ்ட் பக்கத்துல வச்சு வாசிங்க.

நிலா, "நில்லு"வோட மோதும். வாசு, "வா". பட்டு, "படு". சிட்டுன்னு பேரு வச்சுட்டு "சிட்"னு பழக்கினா அது காலம் பூரா உக்காந்தே இருக்கும். கிட்டு, "கிட்ட வா". ஸ்னோ, ஜோ ரெண்டுமே "நோ"வோட மோதும், அதாவது நீங்க அதுக்கு பேரச் சொல்லிக் கூப்பிடறப்பலாம் அதுக்கு திட்டு விழற மாதிரி இருக்கும். ரே, "ஸ்டே". தமிழ்க் கட்டளைன்னா ஸ்னோ ஓகே, இங்கிலீஷ் கட்டளைன்னா நிலா ஓகே, அதனாலதான் மொழிய மொதல்ல முடிவு பண்ணச் சொன்னேன்.

அடுத்து வீட்டுப் பேச்சு. மணிங்கறது நாய்க்கு அருமையான பேரு, ரெண்டு அசை, உயிர்ல முடியுது, எல்லார் வாய்லயும் வரும். ஆனா "மணி என்ன", "எத்தன மணிக்கு வருவ", "மணி ஆச்சு கிளம்பு"ன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றோம்? என்கிட்ட இருந்த மணி மொத மாசம் ஒவ்வொரு தடவையும் தலைய தூக்கிப் பாத்தான், ரெண்டாவது மாசம் பேர சொன்னாக் கூட பாக்கல. காரணம் எளிசு, பேருக்குப் பின்னாடி ஒண்ணும் வரலன்னா அந்தச் சத்தம் வெறும் சத்தம். வெள்ளின்னு வச்சாலும் இதே கதைதான், வாரத்துல ஒரு நாள் அதோட பேருல இருக்கு.

நாய்க்கு அவ்ளோ நுணுக்கமா பிரிச்சுப் பாக்கத் தெரியாதான்னு கேட்டா, தெரியும். சேஸர்ங்கற பார்டர் காலி நாய் 1,022 பொம்மைகளோட பேர தனித்தனியா தெரிஞ்சு எடுத்துட்டு வந்துச்சு, ஆராய்ச்சியா 2011ல வெளிவந்துச்சு. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் மூணு வருஷம் உக்காந்து பழக்கியிருக்கார். உங்க வீட்ல அஞ்சு பேர் அஞ்சு ராகத்துல கூப்பிடுவீங்க, மோதாத பேரா வச்சா அதுக்கு வேலை குறைவு.

7. வெளில நின்னு கத்துங்க

மூணு பேரு மிஞ்சியிருக்கும். மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போய் ஒவ்வொண்ணையும் முழு சத்தத்துல அஞ்சு தடவ கூப்பிடுங்க. வெக்கமா இருந்தா அந்தப் பேரு வேணாம், ஏன்னா அது ராத்திரி கேட்ட தாண்டி ஓடறப்ப நீங்க இதத்தான் கத்தணும். "செல்லக்குட்டி"ன்னு நடு ரோட்ல கத்த எல்லாராலயும் முடியாது, கத்தினா வேற யாராவது திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் கிளினிக்ல உங்க குடும்பப் பேரோட சேத்து வாசிச்சா எப்படி இருக்கும்னும் ஒரு தடவ சொல்லிப் பாத்துடுங்க.

8. ஒரு பேர பூட்டுங்க

ஓட்டுப் போடுங்க, சீட்டு குலுக்குங்க, எப்படியோ ஒண்ணு. முடிவானதும் அந்தப் பேப்பர்ல பெருசா எழுதி மத்தத அடிச்சிடுங்க. அடுத்த ஒரு மாசத்துக்கு எல்லாரும் அதே பேரு, அதே உச்சரிப்பு. செல்லப் பேரு, பட்டப் பேரு எல்லாம் மாசம் கழிச்சு வச்சுக்கலாம், அப்ப அதுக்கே தெரியும்.

அத பத்தி பேசறப்ப அது பேர சொல்லாதீங்க. "பீமா இன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா"ன்னு போன்ல பேசறப்பலாம் அது காத விறைச்சு, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு படுத்துக்கும். அவன், நம்ம ஆளு, சார், இப்படி ஏதாவது ஒண்ணு பேச்சுக்கு வச்சுக்கோங்க. இத முதல் மாசம் மட்டும் பண்ணா போதும்.

9. பேர கத்துக்குடுக்கறது

சத்தம் இல்லாத ரூம், பசி கொஞ்சம் இருக்கற நேரம், அதுக்குப் பிடிச்சது குட்டிக் குட்டித் துண்டா கைல. அது வேற எங்கயோ பாத்துட்டிருக்கறப்ப பேர ஒரே ஒரு தடவ சொல்லுங்க. திரும்பிப் பாத்த அந்த நொடி ஒரு துண்டு. திரும்பலன்னா மறுபடி பேர சொல்லாதீங்க, நாக்கச் சொடுக்குங்க இல்ல கைய அசைங்க, பாத்ததும் குடுங்க. பேர நாலு தடவ சொன்னா "நாலாவது தடவ பாத்தா போதும்"னு அது கத்துக்கும், இது நாய் மட்டும் இல்ல வீட்ல பசங்களுக்கும் பொருந்தும், அத விடுங்க.

ஒரு தடவைக்கு எட்டு பத்து முறை, ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. அலுத்துப்போனா அந்தச் சத்தத்தோட அலுப்பும் ஒட்டிக்கும். ரூம்ல சரியா வந்த அப்புறம் அடுத்த ரூம், அப்புறம் வாசல், அப்புறம்தான் வெளி. மொத நாளே பார்க்ல கூட்டிட்டுப் போய் "பேரு தெரியல இதுக்கு"ன்னு புலம்பறவங்கதான் அதிகம்.

பூனைக்கு இதெல்லாம் ஏறாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ஏறும். ஜப்பான்ல அட்சுகோ சைட்டோவும் கூட இருந்தவங்களும் 2019ல வெளியிட்ட ஆராய்ச்சில, அதே நீளத்துல இருக்கற வேற வார்த்தைங்கள வரிசையா கேக்கவிட்டு பூனை அலட்சியமா ஆனதும் அதோட பேர சொன்னாங்க, காதும் தலையும் திரும்புச்சு, சொன்னவர் புது ஆளா இருந்தும். ஆக உங்க பூனைக்கு பேரு தெரியும், வர்றது அதோட விருப்பம்.

கடைசியா ஒண்ணு, இதுலதான் நல்ல பேருங்க எல்லாம் செத்துப்போகுது. பேரச் சொல்லித் திட்டாதீங்க. பேர சொல்லிக் கூப்பிட்டு மருந்து ஊத்தாதீங்க, குளிப்பாட்டாதீங்க, கூண்டுல அடைக்காதீங்க. அதுக்கெல்லாம் நீங்களே எழுந்து போய் தூக்கிட்டு வாங்க. திட்டறதுக்கு "வேணாம்" இருக்கு. "பீமா! பீமா!!"ன்னு கத்திட்டு செருப்ப பிடுங்கற வீட்ல, கேட்ட தாண்டி ஓடற பீமா அதே பேர கேட்டு இன்னும் வேகமாத்தான் ஓடும்.

10. ஏற்கனவே பேரு இருக்கறது வந்தா

அந்தப் பேருல அது நல்லா இருந்துச்சுன்னா விட்டுடுங்க, ரசனைக்காக மட்டும் மாத்தாதீங்க. ஆனா பேரக் கேட்டதும் பதுங்குது, வால ஒடுக்குதுன்னா மாத்தியே ஆகணும், அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி என்ன நடந்திருக்குன்னு நமக்கு தெரிய வேண்டியதே இல்ல. அப்படிப்பட்டதுக்கு பழைய பேர அன்னைக்கே நிறுத்திட்டு, புதுப் பேர ஒன்பதாவது படில சொன்ன மாதிரி சைபர்லேர்ந்து பழக்குங்க.

சும்மா வேற காரணத்துக்கு மாத்தறீங்கன்னா புதுசு முன்னாடி, பழசு பின்னாடி. "ஜூனோ... டாமி"ன்னு ஒரு வாரம், பாத்ததும் துண்டு. அடுத்த வாரம் நடுவுல ஒரு நொடி இடைவெளி விடுங்க, பழசு வர்றதுக்கு முன்னாடியே அது திரும்ப ஆரம்பிக்கும், அப்ப பழச விட்டுடலாம். பழச முன்னாடி சொன்னா அதுலயே திரும்பிடும், புதுச கேக்கவே கேக்காது.

11. வீட்ல ரெண்டு மூணு இருந்தா

ராமு, சோமு, பப்பி, ஹேப்பின்னு எதுகை போட்டு வைக்கறது பாக்க அழகு, பழக்க நரகம். மொத எழுத்தும் வேற, உள்ள இருக்கற உயிர்ச்சத்தமும் வேற, முடிவும் வேற இருக்கணும், கூகு, பீமா, டெய்சி மாதிரி. செட்டா வைக்கணும்னு ஆசைன்னா சத்தத்துல செட் வேணாம், அர்த்தத்துல செட் வைங்க, காத்து, பனி, மேகான்னு.

பழக்கறது தனித்தனியா. ஒண்ண வேற ரூம்ல விட்டுட்டு ஒண்ணுக்கு. முன்னாடி சொன்ன அதே ஜப்பான் ஆராய்ச்சில பூனை கஃபேல (பூனைங்களோட உக்காந்து காபி குடிக்கற கடை) வளர்ற பூனைங்க தன்னோட பேரையும் கூட இருக்கற மத்த பூனை பேரையும் பிரிச்சுக் காட்டல. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல, எந்தப் பேரக் கூப்பிட்டாலும் எல்லாத்துக்கும் தீனி விழுந்தா பிரிச்சுப் பாக்க வேண்டிய அவசியம் என்ன?

12. காது கேக்காதது, கிளி, மீன்

நீலக்கண்ணு வெள்ளப் பூனைலயும் டால்மேஷன்லயும் காது கேக்காம பிறக்கறது மத்ததவிட அதிகம். பின்னாடிலேர்ந்து கை தட்டி திரும்பலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. கேக்கலன்னா அதுக்கு பேரு ஒரு கை ஜாடை, ராத்திரின்னா லைட்ட ரெண்டு தடவ அணைச்சுப் போடறது. படி எல்லாம் அதேதான், சத்தத்துக்கு பதிலா ஜாடை.

பேசற கிளிக்கு பேரு வைக்கறப்ப நீங்க சொல்றத அது திருப்பிச் சொல்லும்ங்கறத மறந்துடாதீங்க, அதுவும் விடியக்காத்தால. மீனுக்கு என்ன வேணா வைங்க, அது வர்றது உங்க நிழலையும் தீனி டப்பாவையும் பாத்து.

13. பதிவுல ஏத்தறது

ஒரு வாரம் பழக்கி, இதுதான்னு உறுதியான அப்புறம் டாக்டர் கார்டுல எழுதுங்க, கழுத்துப் பட்டைல பொறிங்க. அவசரப்பட்டு மொத நாளே பொறிச்ச மூணு தகடு என் டிராயர்ல கிடக்கு. தோலுக்கு அடில மைக்ரோசிப் போட்டீங்கன்னா அதுக்குள்ள பேரெல்லாம் இருக்காது, 15 இலக்க நம்பர் ஒண்ணுதான், பேரும் உங்க போன் நம்பரும் அந்த நம்பரோட சேர்ந்த பதிவேட்டுல இருக்கும். அதனால பேர மாத்தினாலும் போன மாத்தினாலும் அங்க போய் நீங்கதான் மாத்தணும். கார்டுல எழுதறது அழகுப் பேரா இருந்தா பக்கத்துலயே கூப்பிடற பேரையும் எழுதிடுங்க, தொலைஞ்சுபோய் யார் கைலயாவது கிடைச்சா அவங்க அதத்தான் சொல்லிக் கூப்பிடணும்.